எஞ்சின் சூடு காருக்குள் வந்தால்: மேட் ஒட்டுவதா, ஓட்டையைத் தேடுவதா?

போன கத்திரி வெயிலில் திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போனோம். விராலிமலை தாண்டுவதற்குள் என் இடது கணுக்கால் காந்த ஆரம்பித்துவிட்டது. ஏசி மூன்றாம் நம்பரில் ஓடுகிறது, முகத்தில் குளிர்ந்த காற்று அடிக்கிறது, ஆனால் முழங்காலுக்குக் கீழே அடுப்பங்கரையில் நிற்பது போல இருக்கிறது. துவரங்குறிச்சியில் டீ குடிக்க இறங்கிப் பார்த்தால் கிளட்ச் மிதிக்கிற காலின் வெளிப்பக்கம் சிவந்து கிடந்தது.

வண்டி 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக். நான் இரண்டாவது ஓனர். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் விசாரித்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, தரையிலும் ஃபயர்வாலிலும் (எஞ்சின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகரச் சுவர்) சூடு தடுக்கும் மேட் ஒட்டிவிடுவது. இன்னொன்று, சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது. நான் முதலில் மேட் ஒட்டினேன், பிறகுதான் தேடினேன். செய்திருக்க வேண்டிய வரிசை நேர் எதிர். அதனால் இந்த அலசலில் நான் நடுநிலையாக இல்லை, தேடுகிறவர் கட்சி.

வெயில் சூட்டை முதலில் பிரித்துவிடுங்கள். கண்ணாடித் திரை, சீட் கவர், கூரை லைனிங் எல்லாம் சூரியனுக்கான மருந்து. இருட்டிய பிறகு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கும் கால் காந்தினால் அது எஞ்சின் சூடுதான். கூடவே டெம்பரேச்சர் முள் வழக்கத்தை விட ஏறுகிறதென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ரேடியேட்டரையும் ஃபேனையும் கவனியுங்கள். அது வேறு நோய்.

மேட் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். பல கடைகளில் இதற்கு மேல் 6 அல்லது 10 மில்லிமீட்டர் ஃபோமும் ஒட்டித் தருகிறார்கள். எனக்கு முன் தரைக்கும் ஃபயர்வாலுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் ஆனது, ஒரு நாள் வேலை. பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். டயர் சத்தம் கணிசமாகக் குறைந்தது. தரையை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்தால் 46 டிகிரி காட்டிய இடம் 41 காட்டியது. ஆனால் கணுக்கால் காந்தல் அப்படியே இருந்தது. ஏசி காற்றும் அதே 15 டிகிரி.

ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. எஞ்சின் சூடு காருக்குள் மூன்று வழியாக வருகிறது. தகரத்தின் வழியாகக் கடந்து வருவது ஒன்று. ஓட்டை வழியாகக் காற்றோடு நுழைவது இரண்டு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் பெட்டியிலிருந்து ஏசி காற்றோடு கலந்து வருவது மூன்று. மேட் தடுப்பது முதல் வழியை மட்டுமே. அதிலும் தடுக்கிற வேலையைச் செய்வது ஃபோம்தான், மினுமினுக்கும் தாள் அல்ல. அலுமினியத் தாள் சூட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். கார்பெட் அதன் மேல் அழுந்திக் கிடந்தால் அலுமினியச் சட்டி போலச் சூட்டை வாங்கி அடுத்ததற்குக் கொடுத்துவிடும். பியூட்டைல் ரப்பரின் உண்மையான வேலை தகரத்தின் அதிர்வை அடக்குவது. சத்தம் குறைந்ததும் அதனால்தான்.

மேட் ஒட்டி இரண்டு வாரம் கழித்து, நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் பாயிடம் போய்ச் சொன்னேன்.

"பாய், மேட் எல்லாம் ஒட்டியாச்சு. இன்னும் கால் காந்துது."

"மேட்டு ஒட்டுனா ஓட்டை எங்க சார் போவும்? ராத்திரி எட்டு மணிக்கு மேல வண்டியக் கொண்டாங்க."

அதற்கு முன்னால் பகலிலேயே இரண்டு சோதனைகள் செய்தார். இரண்டையும் நீங்களே வீட்டில் செய்யலாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் நடு வென்ட்டில் செருகி, ஏசியை முழுக் குளிரில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். முதலில் வெளிக்காற்று வரும் நிலையில், அடுத்து உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனில். வெளிக்காற்று நிலையில் வென்ட் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஆனால் சாயங்காலம் வெயில் தணிந்த பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால், வைப்பருக்குக் கீழே உள்ள காற்று வாயில் எஞ்சின் காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். பானெட்டின் பின் விளிம்பில் ஒரு ரப்பர் பீடிங் ஓடும். அது எஞ்சின் அறையையும் அந்தக் காற்று வாயிலையும் பிரிப்பதற்காகவே இருக்கிறது. பெயின்ட் வேலைக்குக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது உண்டு. என் வண்டியில் இருந்தது, ஆனால் வலது முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. புது பீடிங் 380 ரூபாய்.

இரண்டாவது, ஹீட்டர் ஃப்ளாப். நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, அதனால் அது காரில் இருப்பதே மறந்துவிடுகிறது. ஆனால் பல கார்களில் ஹீட்டருக்குத் தனியாக அடைப்பு வால்வு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் 90 டிகிரி அளவில், வருடம் முழுக்க டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதையும் ஏசி காற்றையும் பிரிப்பது ஃப்ளாப் என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவும் அதன் விளிம்பில் ஒட்டிய ஸ்பாஞ்சும் மட்டுமே. கேபிள் கொஞ்சம் நழுவினாலோ ஸ்பாஞ்ச் பொடிந்தாலோ அந்தக் கதவு முழுதாக மூடாது. கேபிள் வைத்த சில வண்டிகளில் டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் அந்தக் கதவின் கை தெரியும். பாய் குமிழை முழுக் குளிரில் வைத்துவிட்டு அந்தக் கையை விரலால் தள்ளினார். இன்னும் அரை சென்டிமீட்டர் நகர்ந்தது. தள்ளிப் பிடித்திருந்தபோதே வென்ட்டில் 15 என்று நின்ற முள் இறங்க ஆரம்பித்து 11-ல் வந்து நின்றது. கேபிள் கிளிப்பைக் கழற்றி, கேபிளைச் சற்று இழுத்து மறுபடி மாட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கையால் எட்ட முடியாத வண்டிகளில் வேறொரு வழி: ஃபயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களில் ஒன்றைத் துணி சுற்றி, ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கி, கூலன்ட் ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பது. வென்ட் சட்டென்று குளிர்ந்தால் குற்றவாளி ஃப்ளாப்தான். பத்து வருடம் தாண்டிய ஹோஸ் நசுக்கினால் வெடிப்பு விடலாம், அதனால் இதை மெக்கானிக் கையில் விட்டுவிடுங்கள்.

ராத்திரி சோதனைதான் முக்கியமானது. எஞ்சின் ஆறிய பிறகு, பாய் ஒரு வேலை விளக்கை எஞ்சின் அறைக்குள் ஃபயர்வாலை ஒட்டித் தொங்கவிட்டு பானெட்டைப் பாதி சாய்த்தார். பட்டறை விளக்கை அணைத்தார். நான் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே கொண்டுபோனேன். ஒன்றும் தெரியவில்லை. புது மேட் எல்லாவற்றையும் மூடியிருந்தது. "கிளட்ச்சுக்குப் பின்னாடி ஃபோமப் பிரிங்க சார்" என்றார். 300 ரூபாய் மதிப்புள்ள புது ஃபோமைக் கையால் கிழித்தேன். வயரிங் கட்டு நுழையும் ஓட்டையை அடைக்கும் பெரிய ரப்பர் வளையமான கிராமெட்டின் ஓரத்தில், பிறை வடிவத்தில், வெள்ளையாக வெளிச்சம் தெரிந்தது. சுண்டு விரல் தாராளமாக நுழையும். பழைய ஓனர் ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுக்க கிராமெட்டை வெட்டியிருக்கிறார். விற்கும்போது ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிக்கொண்டார், வெட்டு மட்டும் மிஞ்சியது.

பானெட்டை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை காத்திருந்து அந்த இடத்தில் கையை வைத்தேன். தலைமுடி காயவைக்கும் டிரையரிலிருந்து வருவது போலக் காற்று. நேராக என் கணுக்கால் இருக்கும் இடத்துக்கு. ஃபோமுக்கும் தகரத்துக்கும் நடுவே புகுந்து, பெடல் ஓரத்தில் மேட் முடியும் இடத்தில் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஓட்டை வழியே வருகிற காற்றுக்கு மேட்டின் கனம் ஒரு பொருட்டே இல்லை. புது கிராமெட்டும் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சூடு தாங்கும் சீலன்ட்டும் சேர்த்து 240 ரூபாய். எம்-சீல் வைத்து அடைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இறுகிய பிறகு அதிர்வில் விரிசல் விடும், அடுத்த முறை வயரை இழுக்கவும் முடியாது. வேண்டாம். அடித்ததும் உப்பிப் பெருகும் ஸ்பிரே ஃபோமும் வேண்டாம், அது தீப்பிடிக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சூடு வரும் ஓட்டை வழியாகப் புகையும் வரும். சைலன்சர் பக்கம் எங்காவது கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு அதே பாதையில் உள்ளே நுழையும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஏசி போட்டுக் கண்ணாடியை மூடிக் குழந்தைகளைப் பின்னால் தூங்கவைத்து ஓட்டுகிற நமக்கு இது வெறும் கால் சூட்டு விவகாரம் இல்லை.

இருந்தாலும் என்னை முழுதாகத் தேடும் கட்சிக்கு மாற்றியது அந்த ராத்திரி அல்ல, அதற்கு அப்புறம் வந்த ஐப்பசி மழை. இடது பக்க முன் தரையில் ஈர வாசம் வந்தது. மழை உள்ளே வருகிறதென்று நினைத்துக் கதவு பீடிங் எல்லாம் சோதித்தேன். ஏசி தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பில் மண் அடைத்திருந்ததுதான் காரணம், அதனால் தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கிறது. மேட் இல்லாத காரில் இப்படி ஆனால் கார்பெட்டைத் தூக்கி, துடைத்து, அரை நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் முடிந்தது. எனக்கோ ஃபோமுக்கும் மேட்டுக்கும் நடுவே தண்ணீர் போய் நின்றுவிட்டது. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அழுத்தினால் நுரைத்துக்கொண்டு வரும். ஃபோமை முழுக்க உரிக்க வேண்டியதாயிற்று. அடியில் பியூட்டைல் சரியாகப் படியாத மூலைகளில் பெயின்ட் கொப்பளித்து, துரு புள்ளி புள்ளியாக ஆரம்பித்திருந்தது. ஒட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேட்டை உரிப்பது அதைவிடக் கொடுமை. டிரையர் வைத்துச் சூடாக்கி, கரண்டியால் சுரண்டி, ஒட்டியதைத் தின்னரில் துடைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. பியூட்டைலுக்குப் பதில் தார் ஷீட்டை மலிவாக ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது வெயிலில் இளகி, மூடிய காருக்குள் ரோடு போடும் வாசனை வரும்.

ஆகவே செலவை ஒட்டுகிற நாளில் மட்டும் கணக்குப் போடாதீர்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியில் தரையைத் திறக்க வேண்டிய சந்தர்ப்பம் வந்துகொண்டே இருக்கும். ஹீட்டர் கோர் கசியும், ஏசி டிரெயின் அடைக்கும், வயரிங்கில் எலி கடிக்கும். ஒவ்வொரு முறையும் மேட் குறுக்கே நிற்கும், கசிவை மறைத்தும் வைக்கும். விற்கும்போதும் இதே கதைதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பழைய கார் வாங்குகிறவர்கள் கார்பெட்டைத் தூக்கித் துருவும் சேறும் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே தகரம் தெரியாமல் புதுசாக வெள்ளித் தாள் மினுங்கினால் எதையோ மூடி மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானே வாங்குகிறவனாக இருந்தால் நினைப்பேன். கிராமெட்டும் பீடிங்கும் மாற்றிய வண்டியில் இப்படிப் பின்விளைவு எதுவும் இல்லை.

மேட்டுக்கு நியாயமான இடமும் உண்டு. ஆம்னி, ஈக்கோ போல எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் சூடு நேராகத் தகர மூடி வழியாக ஏறுகிறது. அங்கே மூடியின் ஓர ரப்பரை மாற்றிய பிறகு, மூடியின் அடிப்பக்கம் சூடு தாங்கும் தடுப்பு ஒட்டுவது உதவும் என்று ஈக்கோ ஓட்டும் என் மைத்துனர் சொல்கிறார். நான் ஓட்டிப் பார்த்து அளந்ததில்லை, அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் சைலன்சருக்கு மேலே இருக்கும் தகரத் தடுப்பு துருப்பிடித்து விழுந்திருந்தால் அதை மாற்றுங்கள். அந்த இடத்துக்கு உள்ளேயிருந்து மேட் ஒட்டி ஈடுசெய்ய முடியாது.

ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே வெட்டிவிடும் வழியும் நம் ஊரில் நடக்கிறது. அதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, நண்பர் வண்டியில் பார்த்த அளவுதான். சூடு நின்றுவிட்டது உண்மை. ஆனால் இணைக்காமல் போல்ட் வைத்து இரண்டையும் அடைப்பது வேறு விஷயம், சில எஞ்சின்களில் கூலன்ட் ஓட்டமே அந்தச் சுற்றை நம்பியிருக்கிறது. நடுவழியில் எஞ்சின் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து கொஞ்சம் சூட்டை இறக்கும் வசதியும் கையை விட்டுப் போய்விடும். கேபிள் கிளிப்பை இழுத்து மாட்டினால் தீர்கிற விஷயத்துக்கு நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

இந்த மார்ச்சில் மறுபடி மதுரைக்குப் போனேன். டிரைவர் பக்கம் மேட் இன்னும் இருக்கிறது, இடது பக்கம் கம்பெனி கார்பெட் மட்டும். விராலிமலையில் நிறுத்தி அளந்தேன்: கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் 35, இடது பக்கத் தரையில் 36. ஒரு டிகிரிதான் வித்தியாசம். வென்ட்டில் 10. கியர் லீவர் உறைக்கு அடியிலிருந்து மட்டும் லேசாக இளஞ்சூடு வருகிறது. அதன் கீழ் ரப்பர் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் பாய் மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.