லெவிப் பணம் எங்கே போகிறது: எங்கள் பள்ளி மாவட்டத்தின் கணக்கு குறித்து ஒரு மதிப்புரை

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரியில் பாதியை ஏப்ரல் 30-க்குள்ளும் மீதியை அக்டோபர் 31-க்குள்ளும் கட்ட வேண்டும். அதற்கென வரும் அறிக்கையில் ‘மாநிலம்’ என்று ஓர் இனமும் ‘உள்ளூர்ப் பள்ளி ஆதரவு’ என்று இன்னோர் இனமும் தனித்தனியே இருக்கும். முதலாவது, மாநிலம் முழுவதுக்கும் பொதுவாகச் சட்டமன்றம் விதிப்பது. இரண்டாவது, அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின்) வாக்காளர்கள் தாங்களே வாக்களித்துத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டது; லெவி என்று சொல்வது இந்த வரியைத்தான். இந்த இரண்டாவது இனத்தை ஒரு சேவைக்கு நாம் கட்டும் கட்டணமாகக் கருதி, அதைப் பெற்றுக்கொள்ளும் பள்ளி மாவட்டம் பணத்தை எப்படிச் செலவிடுகிறது, செலவிட்டதை எப்படிச் சொல்கிறது என்பவற்றை இங்கே மதிப்பிடுகிறேன். நான் குடியிருக்கும் மாவட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் காணும் குறைகளில் பாதிக்கு மேல் மாநிலச் சட்டத்தின் அமைப்பிலேயே இருப்பதால், ஒரு பெயரின் மீது அவற்றை ஏற்றுவது நியாயமாகாது.

இந்த லெவி ஏன் இருக்கிறது என்பதற்குச் சற்றுப் பின்கதை தேவை. தன் எல்லைக்குள் வாழும் எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் போதுமான ஏற்பாடு செய்வது மாநிலத்தின் தலையாய கடமை என்று வாஷிங்டன் அரசியலமைப்பு சொல்கிறது. அந்தக் கடமையை மாநிலம் நிறைவேற்றவில்லை என்று மெக்லியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் இழுத்தடித்ததால், 2015 ஆகஸ்டில் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதமும் விதித்தது. அதன் விளைவாக 2017-இல் வந்த சட்டம் மாநிலச் சொத்து வரியை உயர்த்தி, உள்ளூர் லெவிக்கு ஓர் உச்சவரம்பையும் கட்டியது. அடிப்படைக் கல்விக்கான செலவை மாநிலம் ஏற்கும், அதற்கு மேற்பட்ட மேம்பாட்டுக்கு மட்டுமே உள்ளூர்ப் பணம் என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு. இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் எங்கள் மாவட்டத்தின் கணக்கை வைத்துப் பார்க்க விரும்பினேன்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்கும் விதத்தில் மாவட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை. வாக்குச்சீட்டில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை டாலர் திரட்டப்படும் என்ற தொகையும், ஆயிரம் டாலர் மதிப்புக்கு எவ்வளவு வரும் என்ற உத்தேச விகிதமும் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றில் மாவட்டத்தைக் கட்டுப்படுத்துவது தொகை. விகிதம் வெறும் கணிப்பு. வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குப் பணம் கொட்டும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியன்று. ஒரு மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பு 2,000 கோடி டாலராகவும், வாக்காளர்கள் அனுமதித்த லெவி 3 கோடி டாலராகவும் இருந்தால் விகிதம் ஆயிரத்துக்கு 1.50 டாலர். அடுத்த ஆண்டு மொத்த மதிப்பு 2,500 கோடியாக உயர்ந்தாலும் திரட்டப்படுவது அதே 3 கோடிதான், விகிதம் 1.20 டாலராக இறங்கிவிடும். ஊரார் வீடுகளைவிட உங்கள் வீட்டின் மதிப்பு வேகமாக ஏறியிருந்தால் மட்டுமே உங்கள் பங்கு கூடும். இதை மாவட்டத்தின் கையேடு தெளிவாகவே விளக்குகிறது. பொதுப்பணத்தைக் கொண்டு பிரசாரம் செய்யச் சட்டம் தடைவிதித்திருப்பதால், ‘வாக்களியுங்கள்’ என்ற சொல் அதில் எங்குமே இல்லை; ஆனால் சிரிக்கும் குழந்தைகளின் படங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது போலும்.

செலவுக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. கையேட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வட்ட வரைபடம். அதில் விளையாட்டு, இசை, நாடகம், செவிலியர், மனநல ஆலோசகர், நூலகர், சிறப்புக் கல்வி, பாதுகாப்புப் பணியாளர் என்று வண்ண வண்ணத் துண்டுகள். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளும், ஆறு பாடவேளைக்கு மேல் வைக்கும் ஏழாவது பாடவேளையும் மேம்பாடு என்ற சொல்லுக்கு ஐயமின்றிப் பொருந்துகின்றன. அந்தச் செலவு எனக்கு முழுத் திருப்தி. ஆனால் செவிலியர் எப்படி மேம்பாடு ஆனார்?

இந்தக் கேள்விக்கு விடை மாநிலத்தின் நிதி ஒதுக்கீட்டுச் சூத்திரத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் ஒரு மாதிரிப் பள்ளியைக் கற்பனை செய்துகொண்டு பணம் தருகிறது. தொடக்கப் பள்ளியென்றால் 400 மாணவர்கள், நடுநிலைப் பள்ளியென்றால் 432, உயர்நிலைப் பள்ளியென்றால் 600. அந்த 400 குழந்தைகள் கொண்ட தொடக்கப் பள்ளிக்கு நெடுங்காலம் மாநிலம் ஒதுக்கிய செவிலியர் எண்ணிக்கை 0.076. வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் இது சுமார் மூன்று மணி நேரம். திங்கட்கிழமை காலையில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தால் செவிலியர் இருப்பார், செவ்வாய்க்கிழமை வந்தால் இருக்க மாட்டார் என்று எந்தப் பள்ளியும் பெற்றோரிடம் சொல்ல முடியாது. ஆகவே மாவட்டங்கள் மீதி நேரத்துக்கான சம்பளத்தை லெவியிலிருந்து கொடுத்தன. மாநிலத்தின் அடிப்படையே அவ்வளவு தாழ்வாக இருந்ததால், அதற்கு மேலான எல்லாமே மேம்பாடு ஆகிவிட்டது. இந்தச் செலவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வரிப்பணத்தில் மிகச் சரியாகச் செலவான டாலர் எது என்று கேட்டால் இதையே காட்டுவேன்.

ஆனால் கணக்கின் அடுத்த பக்கம் இங்கேதான் விடுபட்டுப் போகிறது. 2022-இல் சட்டமன்றம் செவிலியர், ஆலோசகர் போன்றோருக்கான ஒதுக்கீட்டை உயர்த்தியது. தொடக்கப் பள்ளிச் செவிலியரின் பங்கு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக 0.585 ஆனது, அதாவது வாரத்துக்கு மூன்று மணி நேரத்திலிருந்து சுமார் இருபத்து மூன்று மணி நேரம். மாநிலம் தன் பங்கை இவ்வளவு உயர்த்தியபோது, அதே செவிலியருக்காக முன்பு லெவியிலிருந்து போன பணம் மிச்சமாகியிருக்க வேண்டும். அது கூடுதல் செவிலியருக்குப் போனதா, சிறப்புக் கல்விக்குப் போனதா, ஊதிய உயர்வில் கரைந்ததா என்று எங்கள் மாவட்டத்தின் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. வட்ட வரைபடத்தில் ‘மாணவர் நலம்’ என்ற துண்டு ஏறத்தாழ அதே அளவில், அதே வண்ணத்தில் தொடர்கிறது. பணம் தவறான இடத்துக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு, சரியான இடத்துக்குப் போனது என்றும் சொல்ல முடியவில்லை.

சிறப்புக் கல்வியின் கதையும் இதற்கு உறவுமுறைதான். ஒரு மாவட்டத்தின் மாணவர்களில் 13.5 சதவீதம் பேருக்கு மேல் சிறப்புக் கல்வி தேவைப்பட்டால், அந்த வரம்பைத் தாண்டிய மாணவர்களுக்கு மாநிலத்தின் சிறப்புக் கல்வி நிதி நீண்ட காலம் கணக்கிடப்படவில்லை. 2023-இல் வரம்பு 15 சதவீதமாகவும், அடுத்த ஆண்டு 16 சதவீதமாகவும் உயர்ந்தது; 2025-இல் சட்டமன்றம் அந்த வரம்பையே நீக்கியது. சட்டப்படி இந்தக் குழந்தைகளுக்கான கல்வி அடிப்படைக் கல்வியே. இருந்தும் எங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களின் லெவியில் பெரும்பங்கை விழுங்கும் இனம் இதுதான். இதைக் கையேட்டில் மூன்று சொற்களில் முடித்திருப்பதை மாவட்டத்தின் கூச்சம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிறப்புக் கல்விக்காகப் பணம் தேவை என்று நேரே சொன்னால், அந்தக் குழந்தைகளின் மீது அக்கம்பக்கத்தார் பழி போடுவார்கள் என்ற அச்சம் இருக்கலாம். அந்த அச்சம் புரிகிறது, ஆனால் அதனால் மாநிலம் தப்பித்துக்கொள்கிறது.

கையேட்டை மூடிவிட்டு, மாவட்டம் மாநிலத்துக்குச் சமர்ப்பிக்கும் எஃப்-195 என்ற வரவு செலவுத் திட்டப் படிவத்தையும், ஆண்டு முடிந்தபின் வரும் எஃப்-196 என்ற நிதி அறிக்கையையும் திறந்தால் வேறோர் உலகம் தெரிகிறது. அங்கே செலவுகள் திட்டக் குறியீடுகளாகப் பிரிந்திருக்கின்றன. 01 என்பது அடிப்படைக் கல்வி, 21 என்பது மாநில நிதியிலான சிறப்புக் கல்வி, 97 என்பது மாவட்டம் முழுவதுக்குமான ஆதரவுப் பணி, 99 என்பது மாணவர் போக்குவரத்து. நெடுக்கே ஆசிரியர் ஊதியம், பிற பணியாளர் ஊதியம், பணிப்பயன்கள், பொருட்கள், வெளியாரிடம் பெறும் சேவைகள் என்று பத்திகள். ஊதியமும் பணிப்பயன்களும் சேர்ந்தால் மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பள்ளி என்பது ஆட்களால் நடப்பது என்பதால் இதில் வியப்பில்லை. லெவியின் வண்ணத் துண்டுகள் எல்லாமே பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சம்பளம்தான். இசை என்று எழுதியிருப்பது இசை ஆசிரியர். பாதுகாப்பு என்பது வாசலில் நிற்பவர். இதை நேரடியாகச் சொல்வதில் என்ன தயக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியருக்கு நல்ல ஊதியம் தரவேண்டும் என்று கேட்டால் வாக்களிக்கக்கூடிய ஊர்தான் இது.

உள்ளூர் வருவாயைப் பொது நிதிக்குள் தனித் துணை நிதியாக வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மேம்பாட்டு லெவியை வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்கு முன்பே செலவுத் திட்டத்துக்கு மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். பின்னர் மாநிலத் தணிக்கையாளரும் பார்க்கிறார். கையாடல் நடக்காது என்ற அளவுக்கு இந்தக் காவல்கள் போதும், அதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் தணிக்கை என்பது செலவு அனுமதிக்கப்பட்டதா என்று கேட்பது. மாநிலம் எத்தனை பேருக்குப் பணம் தந்தது, மாவட்டம் எத்தனை பேரை வேலைக்கு வைத்தது, இடைவெளியை எது நிரப்பியது என்ற மூன்று எண்களை ஒரே வரிசையில் நிறுத்தும் பக்கம் ஒன்றைத் தயாரிக்க எங்கள் மாவட்டத்தை எந்தத் தணிக்கையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேவையான எண்கள் எல்லாம் மாவட்டத்திடமே இருக்கின்றன. ஒரு நிதி அலுவலர் அரைநாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

தொழில்நுட்ப லெவி தனியானது. ஆறு ஆண்டுகள் வரை விதிக்கலாம். மாணவர் மடிக்கணினிகள், வலையமைப்பு, மென்பொருள் உரிமங்கள் இதில் அடங்கும். இந்தச் செலவில் சொல்வதற்கு அதிகமில்லை. கருவிகள் வேலை செய்கின்றன, உடைந்தால் மாற்றுகிறார்கள். உரிமக் கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதையும், வாங்கிய மென்பொருளை எத்தனை ஆசிரியர்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் வெளியிட்டால் இன்னும் மதிப்பு கூடும்.

உச்சவரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இன் சட்டம் ஆயிரத்துக்கு 1.50 டாலர் அல்லது மாணவருக்கு 2,500 டாலர், இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை என்றது. 2019-இல் விகித எல்லை 2.50 டாலராக உயர்ந்தது, மாணவர் கணக்கிலான எல்லை பணவீக்கத்தோடு நகரத் தொடங்கியது. 40,000 மாணவர்களுக்கு மேற்பட்ட மாவட்டத்துக்கு, அதாவது நடைமுறையில் சியாட்டிலுக்கு, அது அப்போது 3,000 டாலர் என்று வைக்கப்பட்டது. எங்களைப் போன்று வீட்டு மதிப்பு உயர்ந்த இடங்களில் மாணவர் கணக்கிலான எல்லைதான் முதலில் முட்டும். குறைந்த விகிதத்திலேயே முழுத் தொகையும் திரண்டுவிடும். கிழக்கே மலைக்கு அப்பாலுள்ள பல விவசாய மாவட்டங்களில் மக்கள் எங்களைவிட உயர்ந்த விகிதத்தில் கட்டியும், சொத்து மதிப்பு குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலம் தரும் ஈடுசெய் நிதி இல்லாமல் எங்கள் தொகையை எட்ட முடியாது. எங்கள் மாவட்டத்தின் இசைக்குழுவைப் பாராட்டும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

பணம் கட்டியவன் என்ற முறையில் மதிப்பெண் தரவேண்டுமானால், செலவிட்டதற்கு ஐந்துக்கு நான்கு, செலவைச் சொன்னதற்கு இரண்டு. மேம்பாட்டு லெவி அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் புதுப்பிப்பு வாக்கெடுப்பு மீண்டும் வரும். 2007-இல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிய பிறகு இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். கட்டடங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரத்துக்குத்தான் (பாண்டு) இன்னும் 60 சதவீதம் வேண்டும். நான் மீண்டும் ஆம் என்றே வாக்களிப்பேன், ஏனெனில் இல்லை என்றால் முதலில் போவது வாசலில் நிற்பவரும் செவிலியரின் மீதி நேரமும்தான். சிறு வருவாயில் வாழும், 61 வயதோ அதற்கு மேலோ ஆன வீட்டுக்காரர்கள் வாக்காளர் அனுமதித்த லெவிகளிலிருந்து விலக்குப் பெறலாம் என்பதை, ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கிச் சொந்தப் பெயரில் வீடு வைத்திருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வருமான வரம்பைக் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பிப்ரவரி வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மாவட்டத்தின் நிதியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் 31-க்குள் மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியம் வரவு செலவுத் திட்டத்தை ஏற்க வேண்டும், அதற்கு முன் பொதுக் கருத்துக் கேட்பு நடத்தியாக வேண்டும். கோடை விடுமுறையில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மாநிலம் தந்த செவிலியர் எத்தனை, நாம் வைத்திருக்கும் செவிலியர் எத்தனை என்ற கேள்வியை எண்களாகக் கேட்டால், எண்களாகவே பதில் சொல்லக்கூடிய நிதி அலுவலர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.