வெறும் ஊசியா, மின்சார ஊசியா?

முட்டிவலிக்கு அக்குபஞ்சர் என்று போனால் இரண்டு வழி. ஒன்றில், குத்திய ஊசியை மருத்துவர் அவ்வப்போது விரலால் உருட்டுவார். மந்தமாக, பாரமாக ஓர் உணர்வு பரவும். சீனர்கள் அதை ‘தெ ச்சி’ என்பார்கள். உருட்டும் வேகமும் அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு அதுதான் குறை.

மற்றொன்றில், இரண்டு ஊசிகளின் காம்பில் சின்னக் கிளிப் மாட்டி, மின்துடிப்பு தரும் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்புவார்கள். தாளம் போட்டதுபோல் தசை துடிக்கும். மின்துடிப்பின் வேகத்தை எண்ணாகவே வைக்கலாம். பெய்ஜிங்கில் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் குழுவின் ஆய்வுகளில், 2 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 2 துடிப்பு) என்கெஃபலினும் எண்டார்ஃபினும், 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபினும் சுரந்தன. மூன்றும் உடலே சுரக்கும் வலிநிவாரணிகள். நாள்பட்ட வலிக்கு என் ஓட்டு இதற்கே.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் மட்டும் மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம். வெறும் ஊசி போதும்.