சின்னத் தீவுக்கு எந்த ஸ்கேட்டிங் தளம்: நிஜ ஐஸா, பிளாஸ்டிக்கா?

சர்வதேச அளவிலான ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 3 சென்டிமீட்டர் கனத்துக்கு உறைய வைக்கச் சுமார் 50,000 லிட்டர் நன்னீர் வேண்டும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம், இடிப்பது மின்சாரம்தான். கான்கிரீட்டில் பதித்த குழாய்களில் குளிர்ந்த உப்புக்கரைசலோ, கிளைகால் என்ற எளிதில் உறையாத திரவமோ இரவு பகலாகச் சுற்ற வேண்டும். கடல்காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் கூரையில் நீர் கோத்து ஐஸ்மேல் சொட்டும், ஆக ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் தேவை. கம்ப்ரசர் மக்கர் செய்தால், மெக்கானிக் படகேறி வரும்வரை ஐஸ் காத்திருக்காது! ஒரே ஆறுதல், கம்ப்ரசர் கக்கும் வெப்பத்தை நீச்சல் குளத்துக்குத் திருப்பலாம்.

பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பலகைத் தளத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பள்ளி அரங்கின் ஒரு மூலையிலும் விரிக்கலாம், வேண்டாதபோது கழற்றி அடுக்கிவிடலாம். ஆனால் உராய்வு அதிகம், ஸ்கேட்டின் பிளேடு சீக்கிரம் மழுங்கும். உதிரும் பிளாஸ்டிக் துருவலைக் கடலுக்குப் போகவிடாமல் பெருக்கி எடுக்க வேண்டும். தீவில் இது சின்ன விஷயமில்லை. நிஜ ஐஸில் ஹாக்கி ஆடிப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழும், சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள தீவு என்றால் என் ஓட்டு பலகைக்கே. மலிவான நீர்மின்சாரமும் நீண்ட குளிர்காலமும் வாய்த்த தீவானால் நிஜ ஐஸைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.