யோகோஹாமாவில் மருத்துவம்: வெளிநாட்டுக் குடும்பமாகப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

ஜப்பானுக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு, பள்ளி, பருப்பு கிடைக்கும் கடை என எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுகின்றன. உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது என்பதை மட்டும் காய்ச்சல் வந்த பிறகுதான் கேட்கின்றன. யோகோஹாமாவில் மனைவி, மகளுடன் பல ஆண்டுகளாக வசித்து, சாதாரண இருமல் முதல் அறுவை சிகிச்சை வரை இங்குள்ள மருத்துவ அமைப்பைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டணத்தைப் பொறுத்தவரை, காப்பீட்டில் உள்ள வெளிநாட்டவரையும் ஜப்பானியரையும் இந்த அமைப்பு வேறுபாடின்றி நடத்துகிறது. ஆனால் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் கிடைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தையே பொறுத்திருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அனுமதியுடன் வந்து முகவரியைப் பதிவு செய்பவர்கள் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். ஊழியர்களுக்கு நிறுவனத்தின் வழியாகவும், மாணவர்களுக்கும் சுயதொழில் செய்வோருக்கும் வார்டு அலுவலகத்தின் வழியாகவும் காப்பீடு அமைகிறது. பெரியவர்களில் 70 வயதுக்கு உட்பட்டவர்கள் கட்டணத்தில் 30 சதவீதத்தைச் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணத்தையும் மருத்துவர் தம் விருப்பப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அரசு புள்ளிகளை நிர்ணயித்திருக்கிறது, ஒரு புள்ளிக்கு 10 யென். 2024 ஜூன் திருத்தத்தின்படி முதல் ஆலோசனைக்கு 291 புள்ளிகள், அதாவது நம் கையிலிருந்து சுமார் 870 யென். யோகோஹாமாவில் 2023 ஆகஸ்ட் முதல், பெற்றோரின் வருமானம் எதுவாக இருந்தாலும், குறைந்தது நடுநிலைப் பள்ளி (ஒன்பதாம் வகுப்பு, சுமார் 15 வயது) முடிக்கும் வரை குழந்தைகளின் காப்பீட்டுச் சிகிச்சைக்கு அந்தப் பங்கையும் நகராட்சியே ஏற்றுக்கொள்கிறது. பில்லை நினைத்துப் பயந்து மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போடும் நிலை எங்கள் வீட்டில் ஒருமுறைகூட வந்ததில்லை.

நம் ஊர் வழக்கப்படி நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போவது இங்கே சரிவராது. எதற்கும் முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய க்ளினிக்குக்குத்தான் போக வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள மருத்துவர் 'ஷோகைஜோ' எனப்படும் பரிந்துரைக் கடிதம் தருவார். அக்கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைகளுக்கு முதல்முறை சென்றால், 2022 அக்டோபர் முதல், குறைந்தது 7,000 யென் காப்பீட்டுக்கு வெளியே தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். க்ளினிக்குகள் பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும். வாரத்தின் நடுவில் ஒரு நாளோ அரை நாளோ விடுமுறையும் உண்டு. எனவே குடிபுகுந்த முதல் வாரத்திலேயே பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், காது மூக்கு தொண்டை, பல் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு க்ளினிக்கைத் தெரிவு செய்து, வேலை நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு புதிதாக வருபவர்களிடம் சொல்லிவருகிறேன்.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது மருந்தகத்தை. மருத்துவர் தரும் சீட்டு, எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாட்களுக்கே செல்லும். மருந்தாளர் மாத்திரைகளைச் சிறிய தட்டில் வைத்து நம் முன்னால் எண்ணிக் காட்டுவார். ஒவ்வொரு மாத்திரையின் வண்ணப் படமும், அது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும் என்ற விவரமும் அச்சிட்ட தாளைத் தருவார். மகளுக்கான தூள் மருந்தை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து, நீண்ட நாடாபோல் இணைந்திருக்கும் பொட்டலங்கள் ஒவ்வொன்றிலும் அவள் பெயரை அச்சிட்டுத் தருவார்கள். வாங்கிய மருந்துகளின் விவரம் 'ஒகுசுரி தெச்சோ' என்னும் கையேட்டில் ஒட்டப்படும். வேறொரு மருத்துவரிடம் போகும்போது, நமக்கு ஜப்பானிய மொழி வராவிட்டாலும், நமக்காகப் பேசுவது அந்தக் கையேடுதான். ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதன் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இரவு நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாதபோது #7119-ஐ அழைத்தால், உடனே போக வேண்டுமா, காலைவரை காத்திருக்கலாமா என்று சொல்வார்கள், குழந்தைகளுக்கு #8000. சகுராகிச்சோவில் உள்ள நகர இரவு மருத்துவ மையம் இரவு 8 மணி முதல் 12 மணி வரை இயங்குகிறது. ஆபத்தான நிலை என்றால் 119; ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை தொலைபேசியில் உறுதியாகும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுண்டு. அதைக் கண்டு பதறிவிட வேண்டாம்.

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் இந்த அமைப்பின் வலிமையையும் குறையையும் ஒருசேரப் பார்த்தோம். ஒரு மாதத்தின் மருத்துவச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், மிகுதியைக் காப்பீடே ஏற்றுக்கொள்ளும். நாங்கள் பயன்படுத்திய காலத்து விதிப்படி, மாதச் சம்பளம் சுமார் 2.8 லட்சம் முதல் 5 லட்சம் யென் வரை உள்ளவருக்கு மொத்தச் செலவு 6 லட்சம் யென் என்றால், 30 சதவீதமான 1,80,000 யென்னுக்குப் பதிலாக 83,430 யென் கட்டினால் போதும். இது நாட்காட்டி மாதப்படி கணக்கிடப்படுவதால், அவசரமில்லாத அறுவை சிகிச்சையை மாதத் தொடக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மாதங்களில் விழுந்தால் வரம்பும் இருமுறை பொருந்தும். உணவுக் கட்டணமும் தனி அறைக் கட்டணமும் இந்த வரம்பில் சேராது.

சைவ உணவு கேட்டால், இறைச்சியும் மீனும் இல்லாத தட்டு வரும். ஆனால் மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்களிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஊட்டச்சத்து நிபுணர் படுக்கைக்கே வந்து, மனைவி உண்ணக்கூடியவற்றைக் கேட்டுப் பட்டியலிட்டுக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து சோறும் டோஃபுவும் பழமும் கடற்பாசிச் சாற்றில் செய்த சூப்பும் வந்தன. அந்த அக்கறையை நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்பு நாங்கள் அணுகிய வேறொரு மருத்துவமனையில், ஜப்பானிய மொழி தெரிந்தவரை நீங்களே அழைத்து வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வயிற்று வலியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வது சரியல்ல. யோகோஹாமா அமைந்துள்ள கனகாவா மாநிலத்தில் மிக் கனகாவா என்ற அமைப்பு பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஆனால் அமைப்பின் உதவியை மருத்துவமனைதான் கோர வேண்டும் என்பதால், ஏற்பாடு செய்துகொள்ளாத இடத்தில் நோயாளியால் எதுவும் செய்ய முடியாது. எனக்குக் கிடைத்த சேவைகள் எவற்றிலும் தமிழ் இல்லை. ஆங்கிலத்தைக் கொண்டே சமாளித்தோம். ஆங்கிலமும் வராத பெற்றோருக்காகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மருத்துவர் முன் மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தாயின் கட்டி பற்றிய செய்தியைப் பத்து வயதுக் குழந்தையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே மொழிபெயர்ப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறிடம் பாருங்கள்.

ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறுகிய கால விசாவில் வருபவர்கள் பொதுக் காப்பீட்டில் சேர முடியாது; முழுத் தொகையையும் கட்ட வேண்டும், அதிலும் புள்ளிக்கு 20 அல்லது 30 யென் வீதம் வசூலிக்கும் மருத்துவமனைகள் உண்டு. எனவே பயணக் காப்பீட்டை அவசியம் எடுத்துவிடுங்கள்; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுவர முன்கூட்டியே அனுமதிச் சான்று பெற வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேலுள்ள சளி மருந்துகளுக்கு இங்கே தடை உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பெட்டி கட்டும் முன்பே மருந்துகளின் மூலப்பெயர்களை (நிறுவனம் வைத்த பெயரல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயர்) தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுங்கள்.