வீடு வாங்க சொலிசிட்டரா, லைசென்ஸ்டு கன்வேயன்சரா?

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது சட்ட வேலையை, பலவகைச் சட்ட விஷயங்களையும் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரிடமும் கொடுக்கலாம், சொத்து மாற்ற வேலைக்கென உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சரிடமும் கொடுக்கலாம். கவுன்சில் ஆவணங்களைத் தேடிப் பார்ப்பது, விற்பவர் தரப்பைக் கேள்வி கேட்பது, கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் பரிமாறிக்கொள்வது, கடைசியில் நிலப் பதிவகத்தில் உங்கள் பெயரை ஏற்றுவது எல்லாம் இருவருக்கும் பொதுவான வேலை. கன்வேயன்சர் என்றால் அரைகுறை வக்கீல் என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த முறையான தொழில் அது. தனி ஒழுங்குமுறை அமைப்பும் உண்டு.

சரி, வித்தியாசம் எங்கே? சிக்கல் வரும்போதுதான். மணமுறிவால் விற்கப்படும் வீடு, பக்கத்து வீட்டாரோடு எல்லைத் தகராறு, இறந்தவரின் சொத்தில் பங்குச் சண்டை போன்றவை நீதிமன்றம் வரை போகலாம். பெரிய சொலிசிட்டர் அலுவலகத்தில் அதற்கும் ஆள் இருப்பார். கன்வேயன்சரின் வேலை சொத்து மாற்றத்தைச் சுற்றியே இருப்பதால், வழக்குக்கு வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும்.

சாதாரண வீடு, தெளிவான பத்திரம் என்றால் நான் கன்வேயன்சரையே தயங்காமல் சொல்வேன். குத்தகை உரிமையுள்ள ஃபிளாட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை தருவது) என்றால் சொலிசிட்டரா, கன்வேயன்சரா என்று பட்டத்தைப் பார்க்காதீர்கள். குத்தகைப் பத்திரங்களைப் படித்துப் பழகியவரா என்று கேளுங்கள். அப்புறம், உங்களுக்குக் கடன் தரும் வங்கி அவரை ஏற்குமா என்பதை முன்பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.