கல்யாண வீடியோ ஃபுட்டேஜ் வைக்க எக்ஸ்எஃப்எஸ்: 6 வருஷம் ஓட்டின அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங் தான் நமக்கு தொழில். 4கே-ல 100 எம்பிபிஎஸ் வச்சு எடுத்தா மணிக்கு 45 ஜிபி, சாயந்திரம் ரிசப்ஷன் காலைல முகூர்த்தம் ரெண்டு கேமரான்னு போனா ஒரே கல்யாணம் 400 ஜிபிய தாண்டிடும். இதெல்லாம் போட்டு வைக்க ஸ்டுடியோவுல ஒரு பழைய பிசில லினக்ஸ் ஏத்தி வச்சிருக்கேன்.

டிஸ்க்ல ஃபைல எப்படி அடுக்கி வைக்கணும்னு பாத்துக்குற ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு வேணும், அதுக்கு முதல்ல எக்ஸ்ட்4 தான் போட்டேன், குறை சொல்ற மாதிரி எதுவும் இல்ல, ஆனா 4 டிபி டிஸ்க்ல இடம் எங்க போகுதுன்னே புரியல. அப்புறம் தான் தெரிஞ்சுது, ரூட்டுக்குன்னு (லினக்ஸோட அட்மின் அக்கவுண்ட்) 5% ஒதுக்கி வச்சிடுது, அதுவே 200 ஜிபி. அது போக 16 கேபிக்கு ஒரு ஐநோடுன்னு (ஒவ்வொரு ஃபைலோட விவரத்தையும் எழுதி வைக்கிற இடம்) கணக்கு போட்டு சின்ன ஃபைலுக்காக டேபிள் கட்டி வைக்குது, அதுல ஒரு 62 ஜிபி. நம்ம டிஸ்க்ல மொத்தமே சில ஆயிரம் ஃபைல் தான், 24 கோடி ஐநோடு எதுக்கு? 5% ஒதுக்கீட்ட டியூன்2எஃப்எஸ்ங்கிற கமாண்ட்ல எப்ப வேணா சைபர் ஆக்கிக்கலாம், டேட்டா மட்டும் வைக்கிற டிஸ்க்குன்னா தாராளமா பண்ணுங்க. ஐநோடு கணக்க ஃபார்மேட் பண்ணும்போதே சொல்லிடணும், பிறகு மாத்த முடியாது.

2019-ல புது டிஸ்க் வாங்கினப்போ எக்ஸ்எஃப்எஸ்ங்கிற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறிட்டேன். எஸ்ஜிஐ கம்பெனி 90கள்ல அவங்க கிராஃபிக்ஸ் மெஷினுக்காக பண்ணது, பெரிய ஃபைல மனசுல வச்சே கட்டினது. எக்ஸ்ட்4-ல ஒரு எக்ஸ்டென்ட் (டிஸ்க்ல தொடர்ச்சியா இருக்குற ஒரு துண்டு) அதிகபட்சம் 128 எம்பி, அப்போ 45 ஜிபி கிளிப்புக்கு குறைஞ்சது 330 துண்டுக்கு மேல கணக்கு வச்சுக்கணும், எக்ஸ்எஃப்எஸ்-ல ஒரு எக்ஸ்டென்டே 8 ஜிபி வரைக்கும் போகும், தொடர்ச்சியா இடம் இருந்தா 6 போதும். ஐநோடும் தேவைப்படுறப்போ தான் உண்டாக்கிக்குது. வேகம் கேக்குறவங்களுக்கு ஒரே பதில், கிகாபிட் நெட்வொர்க் லைன்ல செகண்டுக்கு சுமார் 110 எம்பிக்கு மேல போகாது, ரெண்டுமே அத நிரப்பிடும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. நடுவுல யுபிஎஸ் பேட்டரி செத்து காப்பி ஓடும்போதே கரண்ட் போயிருக்கு, ஓடிட்டு இருந்த ஃபைல் மட்டும் பாதியா நின்னுச்சு, திரும்ப ஆன் பண்ணதும் டிஸ்க் மவுன்ட் ஆகி சில செகண்ட்ல வந்துடுச்சு.

ஒரு கஷ்டம், எக்ஸ்எஃப்எஸ் பெருசாக்கலாம், சுருக்க வழி இல்லன்னே வச்சுக்கோங்க. அதுல இருந்து 1 டிபி பிரிச்சு எடுக்கணும்னு வந்தப்போ மொத்தத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்தி திரும்ப ஃபார்மேட் பண்ணி ஏத்தினேன், ரெண்டு நாள் போச்சு.

ஆனா என்ன உலுக்கினது வேற விஷயம். மூணு வருஷம் கழிச்சு ஒரு அக்கா போன் பண்ணி, தம்பி எங்க நலங்கு ஃபுல்லா வேணும், கட் பண்ணாதது இருக்கான்னு கேட்டாங்க. இருக்குக்கான்னு சொல்லிட்டு போட்டு பாத்தா 14வது நிமிஷத்துல பாதி ஸ்க்ரீன் பச்சை கட்டமா உடையுது, சத்தம் கர்ருன்னு போகுது. ஃபைல் சைஸ் அதே, தேதி அதே, எந்த எர்ரரும் வரல. எக்ஸ்எஃப்எஸ் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல் பேரு, சைஸ், இடம் மாதிரி விவரம்) மட்டும் தான் செக்சம் (கெட்டுப்போச்சான்னு கண்டுபிடிக்க போடுற சரிபார்ப்பு எண்) வைக்குது, உள்ள இருக்குற டேட்டாவுக்கு கிடையாது, எக்ஸ்ட்4-லயும் இதே கதை தான். பேக்கப் டிஸ்க்க அதுக்கு முந்தின வருஷம் புதுசா மாத்தினப்போ மெயின்ல இருந்து தான் முழுசா ஏத்தினேன், அதனால அதுலயும் அதே பச்சை கட்டம். கேமரா கார்ட எப்பவோ அழிச்சாச்சு. அந்த அக்காகிட்ட சொல்லும்போது வாயே வரல.

அதுக்கப்புறம் பேக்கப் டிஸ்க்குக்கு பிடிஆர்எஃப்எஸ்ங்கிற வேற ஃபைல் சிஸ்டம் போட்டேன், அது டேட்டாவுக்கும் செக்சம் வைக்குது. கார்டுல இருந்து நேரா ரெண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியா காப்பி, மெயின்ல இருந்து பேக்கப்புக்கு எடுக்குறது இல்ல, ஏன்னா கெட்டுப்போன ஃபைல குடுத்தா அந்த கெட்டதுக்கே ஒழுங்கா செக்சம் போட்டு வச்சுக்கும். எக்ஸ்எஃப்எஸ் பக்கம் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எஸ்எச்ஏ256 லிஸ்ட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒண்ணு எழுதி வச்சிடுறேன். பிடிஆர்எஃப்எஸ்-ல காப்பி-ஆன்-ரைட்ட (பழச அழிக்காம மாத்தத்த புது இடத்துல எழுதுற முறை) ஆஃப் பண்ணா வேகம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அத ஆஃப் பண்ணா செக்சமும் சேந்து போயிடும். பிடிஆர்எஃப்எஸ்-ஓட ரெய்டு 5, 6 (பல டிஸ்க்க ஒண்ணா சேக்குற முறை) பக்கமும் போகாதீங்க, எழுதும்போது கரண்ட் போனா சிக்கல் ஆகுற ஓட்டை அதுல இருக்கு.

ஒரு தடவ ஸ்க்ரப்ல (டிஸ்க்ல இருக்குறத முழுசா படிச்சு செக்சமோட ஒத்து பாக்குறது) 1 எர்ரர்னு வந்துச்சு, கர்னல் லாக்ல (லினக்ஸ் எழுதி வைக்கிற பதிவு) எந்த ஃபைல்னு பேரோட காட்டுது. அத காப்பி பண்ணா இன்புட்/அவுட்புட் எர்ரர்னு நின்னுடுது, கெட்டத நல்லதுன்னு கையில குடுக்கல, எனக்கு வேண்டியது இது தான். சிங்கிள் டிஸ்க்ல அதால சரி பண்ண முடியாது, கண்டுபிடிச்சு தான் குடுக்கும், எக்ஸ்எஃப்எஸ் காப்பிய லிஸ்டோட ஒத்து பாத்துட்டு அங்க இருந்து எடுத்து வச்சேன். இப்போ மாசம் முதல் ஞாயித்துக்கிழம ஸ்க்ரப், 8 டிபி நிறைஞ்சிருந்தா சுமாரா 14 மணி நேரம் ஓடும், சனி ராத்திரி போட்டுட்டு போனா மறுநாள் மத்தியானம் முடிஞ்சிருக்கும்.