பிரித்துப் போட்டுக் கட்டுவதா, ஓட்டிக்கொண்டே திருத்துவதா? மலையகத்து முற்றத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், தோட்டத்துக் கொட்டகைகளில் புல் மூடிக் கிடந்த பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றை எங்கள் பக்கத்தில் மறுபடியும் விலைபேசத் தொடங்கினார்கள். நான் ஒன்றை வாங்கினேன். பண்டாரவளையில் இருக்கும் என் மச்சானும் ஒன்றை வாங்கினார். என்னுடையது 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட சீரிஸ் 2ஏ, பெற்றோல் வண்டி. அவருடையது 109 அங்குல டீசல். அவர் முழுவதையும் பிரித்துப் போட்டுக் கட்டினார். நான் ஓட்டிக்கொண்டே பகுதி பகுதியாகத் திருத்தினேன். வீட்டிலேயே இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு இவ்விரு வழிகளில் எது பொருந்தும் என்பதை, எங்கள் இரண்டு முற்றங்களிலும் கண்டதைக் கொண்டு எழுதுகிறேன்.

1948இல் முதல் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் மேற்கூட்டை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். பின்வந்த சீரிஸ் வண்டிகளிலும் அதுவே தொடர்ந்தது. அந்தத் தகடு துருப்பிடிப்பதில்லை. துரு பிடிப்பதெல்லாம் அதைத் தாங்கும் இரும்பில்தான்: கராஜ்களில் செசி என்று சொல்லப்படும் அடிச்சட்டமும், இன்ஜினுக்கும் ஆசனங்களுக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட் என்ற முன்தடுப்புமே முக்கியமானவை. மேலே பளபளப்பாக நிற்கும் வண்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தால் இரும்பு உதிர்ந்து உள்ளங்கையில் விழுவது இதனால்தான். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் அலுமினியமும் வெண்பொடியாக அரித்துப்போகும். கதவுகளின் கீழ்விளிம்பில் அதைப் பார்க்கலாம்.

எனவே எந்த வழி என்பதை அடிச்சட்டம்தான் தீர்மானிக்கிறது. ஹட்டனில் வயதான மெக்கானிக் ஒருவர் எனக்கு அதைச் சோதிக்கக் காட்டித் தந்தார். ஒரு சிறிய சுத்தியலோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முன் ஸ்பிரிங் தாங்கியிலிருந்து பின்புறக் குறுக்குச்சட்டம் வரை சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி போல ஒலித்தது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் ஒலி செத்து, ஈரப் பலகையைத் தட்டியது போலக் கேட்டது. "தம்பி, இந்த இடத்துல இரும்பு இல்ல, பெயின்ட்தான் நிக்குது" என்றார். அடுத்த தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. இந்தச் சட்டம் நாற்சதுரக் குழாயாக மூடப்பட்ட, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தகடு. உள்ளே புகுந்த சேறும் நீரும் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளிப்பூச்சைப் பார்த்து முடிவெடுத்தால் நிச்சயம் ஏமாறுவோம்.

மச்சானின் வண்டியில் நெடுஞ்சட்டங்கள் இரண்டுமே பல இடங்களில் இப்படி ஒலித்தன. அந்த நிலையில் ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆபத்து. பிரித்தே ஆக வேண்டும். முழுவதும் பிரிப்பதன் பெரும் பயன், சட்டத்தின் எல்லாப் பக்கத்தையும் கண்ணால் பார்த்து, துருவைச் சுரண்டி, வெட்டிப் பற்றவைத்து, இயலுமானால் துருவைத் தடுக்கும் நாக (சிங்க்) முலாம் வரை கொண்டுபோகலாம் என்பதே. முலாம் பூசிய புதிய அடிச்சட்டங்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் வண்டியின் அடிச்சட்ட இலக்கம் வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியருகே பொறிக்கப்பட்டிருக்கிறது, பதிவுப் புத்தகத்திலும் அதே இலக்கம்தான் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சட்டத்தையே மாற்றுவதென்றால் பழையதை வெட்டி எறிவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகடு கொண்ட வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

பிரிக்கும் வழியின் இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. மேற்கூட்டைக் கழற்றிய பின், சட்டம் நேராக இருக்கிறதா என்பதை அறிய மூலைக்கு மூலை அளந்து எழுதி வைத்த குறிப்பைத் தவிர வேறு துணை இல்லை. முன்தடுப்பைத் தூக்குவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது கதவு மூடாது. மச்சான் ஒரு பக்கத்தில் அதைச் செய்யாமல் விட்டார். அந்தக் கதவுக்காக மட்டும் இரண்டு வாரம் போனது. இத்தனைக்கும் அவர் ஒவ்வொரு மரையாணியையும் தனித்தனி யோகட் கோப்பையில் போட்டு, எந்த இடத்துக்குரியது என்று எழுதி வைக்கும் பழக்கமுள்ளவர்.

அவரால் அதை முடிக்க முடிந்ததற்கு, அவருடைய பொறுமையோடு பண்டாரவளையின் காலநிலையும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எங்கள் டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை விடாமல் நனைக்கும்போது, மலைத்தொடரின் மறுபுறத்தில் ஊவாவில் உலர்ந்த காற்று வீசும். அவர் ஜூனில் பிரித்து, ஒக்டோபரில் மழை திரும்புவதற்குள் சட்டத்துக்குப் பூச்சு அடித்துவிட்டார். அதே வேலையை அதே மாதத்தில் என் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் தொடங்கியிருந்தால், காலையில் சுரண்டி வெள்ளையாக்கிய இரும்பு மாலைக்குள் செம்மஞ்சளாகியிருக்கும். எங்கள் பக்கத்தில் பிரித்துப் போட்ட வண்டிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூரையும் சுவரும் உள்ள கொட்டகை இல்லாதவர், மேற்குச் சரிவில் முழுப் பிரிப்பைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்படியும் செய்தே ஆக வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள உலர்நாட்களுக்குள் சட்டத்தின் வேலையையாவது முடித்துவிட வேண்டும்.

ஓட்டிக்கொண்டே திருத்தும் வழியில் வரிசை தலைகீழாகும். பிரித்துக் கட்டுபவர் பிரேக்கைக் கடைசியில் தொடலாம். ஓட்டுபவர் அதைத்தான் முதலில் தொட வேண்டும். சீரிஸ் 2ஏ வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு சிலிண்டர் கசிந்தாலும் மிதி தரைவரை போய்விடும். றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றிய பின்னரே நான் என் வண்டியை வாயிலுக்கு வெளியே எடுத்தேன். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய பிரேக் ஷூக்கள் டிரம்முக்குள் போகவே இல்லை. என் வண்டியின் டிரம் 10 அங்குலம். அவர்கள் கொடுத்தது 109க்கு உரிய 11 அங்குலம். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்பதை அந்தப் பயணம் கற்றுத் தந்தது. ஸ்பெனர் விடயமும் அப்படியே: இந்த வண்டிகளின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவிலானவை, மில்லிமீட்டர் ஸ்பெனர் போட்டால் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும்.

இந்த வழியில் அடிச்சட்டத்துக்குக் கிடைக்கும் பெரிய வசதி, மேற்கூடே அச்சாக நின்று அளவைக் காப்பது. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு மேற்கூட்டைத் தாங்கும், அவுட்ரிகர் எனப்படும் பக்கக்கைகளை ஒரு நேரத்தில் ஒன்று வீதம் வெட்டி மாற்றினால் கதவின் இடைவெளி மயிரிழையும் பிசகாது. பின்புறக் குறுக்குச்சட்டத்தையும் வண்டியின் பின்பெட்டியை இறக்காமலே நான் மாற்றினேன். ஒரே ஒரு முன்னெச்சரிக்கையில் இளக்கம் காட்டக்கூடாது: 88 அங்குல வண்டியில் பெற்றோல் தாங்கி வலப்பக்க ஆசனத்தின் அடியில் இருக்கிறது. வெறும் தாங்கியிலும் ஆவி தங்கும் என்பதால், பற்றவைப்பதற்கு முன் அதைக் கழற்றி முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். பற்றரியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

ஓட்டிக்கொண்டே திருத்தும் வழி தோற்றுப்போகும் இடம் முன்தடுப்பு. கால் வைக்கும் குழிகளில் துளை விழுந்து கீழே பாதை தெரிவது வரை பரவாயில்லை. புதிய தகட்டை இருந்த இடத்திலேயே வைத்துப் பற்றவைக்கலாம். கதவுக் கீல்கள் பூட்டும் தூண்கள் உளுத்திருந்தால், கண்ணாடிச் சட்டம், ஸ்டீயரிங், மிதிகள், வயர்கள் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த நிலையில் பாதி வண்டி ஏற்கெனவே பிரிந்துவிட்டது. மீதியையும் பிரிப்பதே மேல்.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய 2.25 லீட்டர் பெற்றோல் இன்ஜின் ஏறத்தாழ 70 குதிரைவலு தரும். 1,868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் மெல்லிய காற்றினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். இந்தக் காரணத்துக்காகப் பலர் ஜப்பானிய டீசல் இன்ஜினைப் பொருத்துகிறார்கள். மச்சானும் அதைத்தான் செய்தார். சட்டம் வெறுமையாக இருந்ததால் தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைப்பது அவருக்கு இலகுவாக இருந்தது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் இலக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. என் வண்டியில் பழைய இன்ஜினே இருக்கிறது. ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஏறும். எனக்கு அந்த வேகம் போதும்.

மச்சானின் வண்டி பதினெட்டு மாதம் முற்றத்தை விட்டு அசையவில்லை. இன்று அதன் அடியில் வெள்ளைத் துணியால் துடைத்தாலும் அழுக்குப் படியாது. என்னுடையது நான்காவது ஆண்டாகத் திருத்தத்தில் இருக்கிறது, இடையில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. போன வாரம் இடப்பக்கத்துக் கடைசிப் பக்கக்கையை மாற்றி, குழாய்ச் சட்டத்துக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்சி, அடைபட்டிருந்த வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். ஒரு துளையிலிருந்து மட்டும் ஒரு சிரட்டை அளவு கருஞ்சேறு வந்தது. மே மழைக்கு முன் வலப்பக்கத் துளைகளையும் திறக்க வேண்டும்.